ஆன் ஃபிராங்க் படத்தை மகளோடு பார்க்கலாமா? அதில் எவ்வளவு உண்மை?

கேள்வி இது: "என் மகளுக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் ஆன் ஃபிராங்கின் டைரியிலிருந்து ஒரு பகுதி வந்தது. மேற்கொண்டு தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறாள். 1959-இல் வந்த 'த டைரி ஆஃப் ஆன் ஃபிராங்க்' படத்தைக் காட்டலாமா? கருப்பு வெள்ளை, மூன்று மணி நேரம் என்கிறார்கள். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சேர்த்தது?"

தாராளமாகக் காட்டுங்கள். ஒரே நாளில் மட்டும் வேண்டாம், இரண்டு மாலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் டைரியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இன்னொன்று, டிவியில் பார்ப்பதென்றால் வீட்டில் மற்ற சத்தங்களை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இந்தப் படத்தில் பாதிக் கதை சத்தத்தில்தான் இருக்கிறது.

உங்கள் மகள் பாடத்தில் படித்த பகுதியிலிருந்தே தொடங்கலாம். வகுப்பில் ஓயாமல் பேசியதற்குக் கணக்கு வாத்தியார் தண்டனையாகக் கட்டுரை எழுதச் சொல்கிறார். ஒன்றல்ல, மூன்று கட்டுரை. மூன்றாவதை ஆன் வாத்து கதையாகச் செய்யுளில் எழுதிக் கொடுத்து அவரையே சிரிக்க வைத்துவிடுகிறாள். அந்தப் பதிவின் தேதி 1942 ஜூன் 21. அடுத்த இரண்டு வாரத்தில், ஜூலை 6-ஆம் தேதி, அந்த வாயாடிப் பெண் தன் குடும்பத்தோடு ஒரு மறைவிடத்துக்குள் போகிறாள். பகலில் இருமக்கூட யோசிக்க வேண்டிய இடம் அது. பாடம் நின்ற இடத்திலிருந்து படம் தொடங்குகிறது என்று மகளிடம் சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வாள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபிராங்க் குடும்பம் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து யூதக் குடும்பம். அப்பா ஓட்டோ முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தில் லெஃப்டினன்டாக இருந்தவர். 1933-இல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்து, ஜாம் கெட்டியாக்கப் பயன்படும் பெக்டின் விற்கும் கம்பெனியை அங்கே நடத்தினார். 1940 மே மாதம் ஜெர்மன் படை ஹாலந்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. யூதர்கள் கம்பெனி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது, கம்பெனியைத் தன் யூதரல்லாத ஊழியர்கள், நண்பர்கள் பெயருக்கு மாற்றினார். பிரின்சன்கிராக்ட் கால்வாய் ஓரத்தில் 263-ஆம் எண் கட்டடம்தான் அலுவலகம். அதன் பின்கட்டு காலியாகக் கிடந்தது. அங்கே பல மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1942 ஜூலை 5 அன்று பதினாறு வயது மூத்த மகள் மார்கோட்டை ஜெர்மனிக்கு வேலை முகாமுக்கு வரச் சொல்லி உத்தரவு வந்தது. மறுநாள் காலையே மழையில் நடந்து போய் உள்ளே புகுந்துகொண்டார்கள். பெட்டி தூக்கிப் போனால் சந்தேகம் வரும் என்று ஒன்றன்மேல் ஒன்றாக உடுப்புகளைப் போட்டுக்கொண்டு போனார்கள். படத்தில் ஆன் ஒவ்வொரு உடுப்பாகக் கழற்றிக்கொண்டே இருப்பாள் பாருங்கள், அது டைரியில் இருப்பதுதான்.

ஹாலந்தில் இப்படி ஒளிந்திருப்பதற்கு டச்சு மொழியில் ஒரு சொல் உண்டு. நீருக்குள் முங்குவது என்று அதற்குப் பொருள். இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அப்படி முங்கினார்கள். பெரும்பாலும் பிள்ளைகள் ஒரு வீட்டில், பெற்றோர் இன்னொரு வீட்டில் என்று பிரிந்துதான் ஒளிய முடிந்தது. ஒரு முழுக் குடும்பம், அதோடு இன்னொரு குடும்பம், கூடுதலாக ஒருவர் என்று எட்டுப் பேர் ஒரே கூரையின் கீழ் ஏறத்தாழ இரண்டு வருஷம் இருந்தது அரிது. சுவருக்கும் காது உண்டு என்பது அங்கே வெறும் பழமொழியாக இருக்கவில்லை. 1943-இல் ஒளிந்திருக்கும் யூதர் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தால் தலைக்கு ஏழரை கில்டர் என்று கூலி வாங்கிக்கொண்டு வேட்டையாடிய கும்பலே ஆம்ஸ்டர்டாமில் இருந்தது.

இனி படத்துக்கு வருகிறேன். இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ். இவர் யார் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் படம் வேறு மாதிரி தெரியும். போருக்கு முன்னால் நகைச்சுவைப் படங்களும் ஆட்டம் பாட்டமான படங்களும் எடுத்துக்கொண்டிருந்தவர். போரின்போது அமெரிக்க ராணுவத்தின் படப்பிடிப்புப் பிரிவு ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். நார்மண்டி கரையில் இறங்கி, பாரிஸ் விடுதலையைப் படம்பிடித்து, கடைசியில் 1945-இல் டாஹாவ் வதைமுகாம் திறக்கப்பட்டபோது கேமராவோடு உள்ளே போனவர். அங்கே அவருடைய குழு எடுத்த காட்சிகள், நாஜித் தலைவர்கள்மேல் நடந்த நியூரம்பர்க் விசாரணையில் சாட்சியமாகத் திரையிடப்பட்டன. திரும்பி வந்த பிறகு அவர் ஒரு நகைச்சுவைப் படம்கூட எடுக்கவில்லை.

அப்படிப்பட்டவர் யூதக் குடும்பத்தின் கதையை எடுக்கிறார் என்றால் முகாமைக் காட்டியிருப்பார் என்றுதான் நினைப்போம். எடுத்தார். கடைசிக் காட்சியில் ஆன் முகாமில் நிற்பதுபோல் படமாக்கி வைத்திருந்தார். வெளியீட்டுக்கு முன் ஒரு முன்னோட்டக் காட்சி போட்டுப் பார்த்துவிட்டு, அதை வெட்டிவிட்டார்கள். இப்போது நமக்குக் கிடைக்கும் படத்தில், ஆனின் கெட்ட கனவு ஒன்றைத் தவிர, முகாம் வராது. வதைமுகாமைக் கண்ணால் கண்ட ஒரு மனிதர், அதைப் பெரும்பாலும் திரைக்கு வெளியே வைத்துவிட்டு, அது வருகிற சத்தத்தை மட்டும் மூன்று மணி நேரம் கேட்க வைக்கிறார். என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்தின் பெருமை அங்கேதான் இருக்கிறது.

தெருவில் பூட்ஸ் சத்தம். கால்வாய்ப் பக்கம் போலீஸ் வண்டியின் சைரன், தூரத்தில் தொடங்கி நெருங்கி, பின் விலகிப் போகும். தேவாலய மணி. இரவில் விமானங்கள். கீழே கிடங்கில் ஆட்கள் நடமாட்டம். உள்ளே இருப்பவர்கள் இவை ஒவ்வொன்றையும் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்பார்கள். சைரன் விலகிப் போனதும் பாதியில் நின்ற வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போனதும் நாமும் அப்படியே கேட்கத் தொடங்கிவிடுவோம். அதற்குப் பிறகு ஒரு கரண்டி கீழே விழுந்தாலும் நெஞ்சு திடுக்கென்று ஆகிவிடும்.

இடத்தைக் காட்டிய விதமும் அப்படித்தான். படத்தைத் தயாரித்த ஃபாக்ஸ் கம்பெனி அகலத்திரையில், சினிமாஸ்கோப்பில்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஸ்டீவன்ஸுக்கு அதில் விருப்பமில்லை. நெருக்கடியான மச்சுக்கு எதற்கு இவ்வளவு அகலம்? அதனால் செட்டுக்குள் தூண்களையும் உத்திரங்களையும் நிறுத்தி, அந்த அகலத்தைத் துண்டு துண்டாக அடைத்தார். ஒரே சட்டகத்தில் மூன்று மூலைகளில் மூன்று பேர் தனித்தனியாக, ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஆனால் ஒருவர் மூச்சு அடுத்தவருக்குக் கேட்கும் தூரத்தில் இருப்பார்கள். வில்லியம் மெல்லருக்கு இந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்காக ஆஸ்கர் கிடைத்தது. கலை இயக்கத்துக்கும் கிடைத்தது. மூன்றாவது ஆஸ்கர், கூடவே ஒளிந்திருக்கும் திருமதி வான் டானாக நடித்த ஷெல்லி வின்டர்ஸுக்கு. அவர் அந்தச் சிலையை ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கே கொடுத்துவிட்டார்.

ஒரு காட்சியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரவில் கீழே திருட்டு நடக்கிறது. தகவல் போய் போலீஸ் வந்து கட்டடத்தைச் சோதிக்கிறது. மறைவிடத்தின் வாசலை மறைத்து ஒரு புத்தக அலமாரி நிற்கிறது, சுழன்று திறக்கிற அலமாரி. அதற்கு அந்தப் பக்கம் போலீஸ். மேலே எல்லோரும் இருட்டில் உறைந்து நிற்கிறார்கள். வான் டான் வீட்டுப் பையன் பீட்டரின் பூனை மட்டும் பாத்திரங்களுக்கு நடுவே தன்பாட்டில் நடக்கிறது. வசனமே இல்லாமல் நிமிடக்கணக்கில் போகும். உங்கள் மகள் சோபாவின் நுனிக்கு வந்துவிடுவாள்.

இதில் எவ்வளவு உண்மை? பூனையின் விளையாட்டு சினிமா. ஆனால் போலீஸ் வந்ததும் அலமாரியை ஆட்டிப் பார்த்ததும் உண்மை. 1944 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை இரவு நடந்தது. ஏப்ரல் 11 தேதியிட்ட நீண்ட பதிவில் ஆன் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாள். அலமாரி இரண்டு முறை குலுங்கியதாம். அப்புறம் காலடிச் சத்தம் இறங்கிப் போயிற்று. இரவு முழுக்கத் தண்ணீர் ஊற்ற முடியாது என்பதால் பீட்டரின் குப்பைக்கூடையையே கழிப்பறையாக வைத்துக்கொண்டார்கள். நாஜிகள் உள்ளே வந்தால் டைரி கையில் சிக்கும், எரித்துவிடலாம் என்று ஒருவர் சொல்ல, டைரி போனால் நானும் போகிறேன் என்கிறாள் ஆன். இதெல்லாம் அந்தப் பதிவில் இருக்கிறது.

இனி நீங்கள் கேட்ட இரண்டாவது பாதி: சேர்த்ததும் மாற்றியதும். படம் டைரியிலிருந்து நேராக வரவில்லை. ஃபிரான்சஸ் குட்ரிச், ஆல்பர்ட் ஹேக்கெட் என்ற கணவனும் மனைவியும் டைரியை நாடகமாக எழுதினார்கள். அது 1955-இல் நியூயார்க்கில் மேடையேறி, மறுவருஷம் புலிட்சர் பரிசு வாங்கியது. படத்துக்கும் அவர்களே எழுதினார்கள். படத்தில் உள்ள பெரும்பாலான மாற்றங்கள் அந்த நாடகத்திலேயே வந்துவிட்டவை.

பெயர்களை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். படத்தின் வான் டான் குடும்பம் உண்மையில் வான் பெல்ஸ் குடும்பம்: ஹெர்மன், அகஸ்டே, மகன் பீட்டர். பல் வைத்தியர் டுஸ்ஸெல், உண்மையில் ஃப்ரிட்ஸ் ஃபெஃபர். இந்த மாற்றுப் பெயர்களை வைத்தவள் ஆனேதான். உதவி செய்தவர்களாகப் படத்தில் கிராலர், மீப் என்று இருவர்தான் முக்கியமாக வருகிறார்கள். உண்மையில் விக்டர் குக்ளர், யோஹன்னஸ் கிளைமன், மீப் கீஸ், அவர் கணவர் யான், தட்டச்சு செய்த இளம்பெண் பெப் வொஸ்கவுல் என்று ஒரு சிறு குழுவே இருந்தது. அந்த அலமாரியைச் செய்து கொடுத்தவர் பெப்பின் அப்பா. எட்டுப் பேருக்கு ரேஷன் கூப்பன் இல்லாமல் இரண்டு வருஷம் சோறு போடுவது என்றால் சும்மாவா? கள்ளக் கூப்பன், தெரிந்த ரொட்டிக்காரர், கேள்வி கேட்காமல் கூடுதலாகக் காய்கறி கொடுத்த கடைக்காரர் என்று ஒரு சங்கிலி அதற்குப் பின்னால் இருந்தது. அந்தக் காய்கறிக் கடைக்காரர், தன் வீட்டில் இரண்டு யூதர்களுக்கு இடம் கொடுத்ததற்காக 1944 மே மாதம் கைதானார். அன்று முதல் பின்கட்டில் உணவு இன்னும் குறைந்தது. படம் இந்தச் சங்கிலியை அதிகம் காட்டவில்லை, எனக்கு அது ஒரு குறைதான்.

இடமும் படத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் பெரிது. படம் பார்த்தால் ஒரே மச்சு மாதிரி தெரியும். உண்மையில் இரண்டு மாடியில் சில அறைகள், அதற்கு மேல் மச்சு. மதியம் கிடங்கு ஆட்கள் சாப்பிடப் போனதும் அலுவலகத்துக்காரர்கள் மேலே வந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். இரவிலும் வார இறுதியிலும் கீழே அலுவலக அறைக்கு இறங்கி வர முடிந்தது. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை செருப்பு கூடாது, தண்ணீர் திறக்கக் கூடாது என்று படத்தில் ஓட்டோ சொல்லும் விதிகள் உண்மையின் சாரத்தை எடுத்து இறுக்கியவை. அதில் எனக்கு வருத்தமில்லை. நாடகத்துக்கு அந்த இறுக்கம் தேவை.

வருத்தம் தருவது வேறு. படத்தில் பசி முற்றியபோது வான் டான் இரவில் எழுந்து ரொட்டி திருடுகிறார். அதுவரை பொறுமையாக இருந்த ஆனின் அம்மா வெடித்து, வெளியே போகச் சொல்கிறார். மிகவும் வலுவான காட்சி. ஆனால் அப்படி ஒன்று டைரியில் இல்லை. சாப்பாட்டுச் சண்டைகள் இருந்தன, வெண்ணெய்க்கும் உருளைக்கிழங்குக்கும் கணக்குப் பார்த்தார்கள், ஆன் அதையெல்லாம் குறும்பாக எழுதியிருக்கிறாள். திருட்டு மட்டும் நாடகாசிரியர்கள் சேர்த்தது. ஹெர்மன் வான் பெல்ஸ் ஆஷ்விட்ஸில் விஷவாயுவால் கொல்லப்பட்டவர். மறுத்துப் பேச முடியாத ஒருவர் மேல் செய்யாத திருட்டைச் சுமத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. மகளிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

அதைவிடப் பெரிய அநியாயம் ஃபெஃபருக்கு நடந்தது. ஆனோடு அறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டி வந்தவர் அவர். பதின்மூன்று வயதுப் பெண்ணும் ஐம்பது தாண்டிய ஆளும் ஒரே சின்ன அறையில். எழுது மேசையை யார் எப்போது பயன்படுத்துவது என்று சண்டை. அவளுக்கு அவரைப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை. டுஸ்ஸெல் என்ற பெயருக்கே ஜெர்மனில் மடையன் என்கிற மாதிரி அர்த்தம். டைரி ஒரு சிறுமியின் கோபம், அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நாடகமும் படமும் அதற்கு மேலே போய், அவரை யூதச் சடங்குகள் எதுவும் தெரியாதவராக, ஹனுக்கா பண்டிகை என்றால் என்ன என்று கேட்பவராக ஆக்கிவிட்டன. உண்மையான ஃபெஃபர் பக்திமான், ஹீப்ரு தெரிந்தவர். அவருடைய துணைவி ஷார்லட் கலெட்டா யூதரல்லாதவர். யூதருக்கும் மற்றவருக்கும் திருமணம் கூடாது என்ற நாஜிச் சட்டத்தால் இருவரும் மணம் செய்துகொள்ள முடியாமல் போயிற்று. நாடகத்தில் அவரைச் சித்திரித்த விதத்தை எதிர்த்து ஷார்லட் எழுத்தாளர்களுக்குக் கடிதம் எழுதினார். பண்டிகையைப் பற்றித் தெரியாத பார்வையாளர்களுக்காக, அதை விளக்கிச் சொல்ல மேடையில் ஒரு ஆள் தேவைப்பட்டது என்கிற மாதிரி பதில் வந்தது. ஃபெஃபர் 1944 டிசம்பரில் நாயன்காம முகாமில் இறந்தார். 1950-இல் ஷார்லட், இறந்துபோன அவரோடு தன் திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்துகொண்டார். போருக்கு முன்பே இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்த மகன் உயிர் தப்பினார். பல ஆண்டுகள் கழித்து மீப்பை நேரில் சந்தித்து, அப்பாவைக் காப்பாற்ற முயன்றதற்கு நன்றி சொன்னார். படத்தில் எட் வின் நடித்த சிடுசிடு வைத்தியரைப் பார்த்துச் சிரிக்கும்போது இந்த மனிதரையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

மற்றொரு மாற்றம் நுட்பமானது, ஆனால் எல்லாவற்றையும்விட ஆழமானது. ஏப்ரல் 11 பதிவைச் சொன்னேன் அல்லவா? அந்தப் பயங்கர இரவை விவரித்துவிட்டு, அதே பதிவில் ஆன் கேட்கிறாள்: யூதர்களான நம்மை மற்ற மக்களிடமிருந்து பிரித்து வைத்தது யார், இவ்வளவு துன்பத்தை நம்மேல் சுமத்தியது யார்? நாம் வெறும் டச்சுக்காரர்களாக மட்டும் ஆகிவிட முடியாது, எப்போதும் யூதர்களாகவும் இருப்போம், இருக்கவும் விரும்புவோம் என்று எழுதுகிறாள். படம் அந்த இரவின் பயத்தை எடுத்துக்கொண்டது, இந்தக் கேள்வியை விட்டுவிட்டது. பதிலாக ஆன் பீட்டரிடம், நாம் மட்டும் கஷ்டப்படவில்லை, சில சமயம் ஓர் இனம், சில சமயம் வேறோர் இனம் என்று சொல்வதாக வசனம் வருகிறது. அது டைரியில் இல்லாத வசனம்.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்பது புரியாமலில்லை. 1950-களில் எல்லா நாட்டு மக்களும் தங்கள் கதையாக நினைத்துப் பார்க்க வேண்டும் என்று விரும்பினார்கள். ஓட்டோவும் அதை ஏற்றுக்கொண்டார். பலனும் இருந்தது. 1956-இல் அந்த நாடகம் ஜெர்மனியில் நடந்தபோது, முடிந்ததும் கைதட்டக்கூடத் தோன்றாமல் மக்கள் மௌனமாக எழுந்து போனார்கள் என்று பதிவாகியிருக்கிறது. ஆனாலும் அவர்கள் அங்கே ஒளிந்திருந்தது மனிதர்கள் என்பதற்காக அல்ல, யூதர்கள் என்பதற்காக. ஹாலந்தில் இருந்த சுமார் 1,40,000 யூதர்களில் 1,07,000 பேர் ரயிலேற்றப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். இதைச் சில சமயம் ஓர் இனம், சில சமயம் வேறோர் இனம் என்று பொதுவாக்கிவிட முடியாது.

கடைசி வரிக்கும் இதேதான். எல்லாவற்றையும் மீறி மனிதர்கள் உள்ளுக்குள் நல்லவர்கள் என்று இன்னும் நம்புகிறேன் என்ற ஆனின் குரலோடு படம் முடிகிறது. அந்த வாக்கியம் அவள் எழுதியதுதான், 1944 ஜூலை 15-இல். ஆனால் அந்தப் பத்தி அங்கே முடியவில்லை. உலகம் மெல்ல மெல்லப் பாலைவனமாக மாறுவதைப் பார்க்கிறேன், எங்களையும் அழிக்கப்போகும் இடிமுழக்கம் நெருங்கி வருவது கேட்கிறது, லட்சக்கணக்கானவர்களின் வேதனையை உணர்கிறேன் என்று தொடர்கிறது. அதற்குப் பிறகும் வானத்தைப் பார்த்து நல்ல காலம் திரும்பும் என்கிறாள். இடிமுழக்கம் கேட்டுக்கொண்டே நம்பியவள் அவள். படம் நம்பிக்கையை மட்டும் எடுத்துக் கடைசியில் வைத்தபோது அவளைக் கொஞ்சம் சின்னவளாக்கிவிட்டது. இத்தனைக்கும் அந்த இடியைப் படம் முழுக்கக் கேட்க வைத்தவர் ஸ்டீவன்ஸ்தான்!

கைது நடக்கும் விதமும் வேறு. படத்தில் சைரன் நெருங்கி, வண்டி பிரேக் பிடித்து நிற்க, கதவை உடைக்கிறார்கள். அந்தச் சத்தத்துக்காகவே மூன்று மணி நேரம் காத்திருந்தோம், அதனால் அது நம்மை உலுக்கிவிடும். உண்மையில் 1944 ஆகஸ்ட் 4 காலை எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் வந்தார்கள். கார்ல் சில்பர்பவர் என்ற அதிகாரியும் சில டச்சுப் போலீஸாரும். மேலே ஓட்டோ பீட்டருக்கு ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நகையையும் பணத்தையும் போட்டுக்கொள்ளப் பை தேடிய சில்பர்பவர், ஒரு தோல்பையை எடுத்து உள்ளே இருந்த காகிதங்களைத் தரையில் கொட்டினார். அந்தக் காகிதங்கள்தான் டைரி. திருடப் பை தேவைப்பட்டதால் அது பின்னால் விடுபட்டது. மீப்பும் பெப்பும் பொறுக்கி எடுத்து, மீப் படிக்காமல் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். படித்திருந்தால் அதில் தன் பெயரும் மற்றவர்கள் பெயரும் இருப்பதைப் பார்த்து எரித்திருப்பேன் என்று பிற்காலத்தில் சொன்னார்.

யார் காட்டிக்கொடுத்தது என்று மகள் கேட்பாள். படம் அந்தத் திருடன்மேல் சந்தேகம் வரும்படி வைத்திருக்கிறது. நிஜத்தில் போருக்குப் பின் இரண்டு முறை போலீஸ் விசாரித்தும், பல ஆய்வாளர்கள் பல பெயர்களைச் சொல்லியும் இன்றுவரை நிரூபணமாகவில்லை. யாரும் காட்டிக்கொடுக்காமல், வேறு எதையோ தேடி வந்த இடத்தில் அகப்பட்டிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு.

நடிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. ஓட்டோவாக நடித்த ஜோசஃப் ஷில்ட்கிராட் வியன்னாவில் பிறந்த யூதர், மேடையிலும் அதே வேடத்தில் நடித்தவர். முதல் காட்சியில் போர் முடிந்து காலியான மச்சுக்குத் தனியாக ஏறி வரும்போது அவர் முகத்தைப் பாருங்கள், வசனமே வேண்டாம். ஷெல்லி வின்டர்ஸின் திருமதி வான் டான் அலட்டல், அழுகை, ரோமக் கோட்டு மேல் உயிர் என்று எரிச்சலூட்டி, கடைசியில் மனதில் தங்கிவிடுவார். ஆனாக வந்த மில்லி பெர்கின்ஸ் அதற்கு முன் நடித்தே இராத மாடல். அவரிடம் துறுதுறுப்பு இருக்கிறது, ஆனால் டைரியில் உள்ள கத்தி போன்ற நாக்கு இல்லை. ஆட்ரி ஹெப்பர்னைத்தான் முதலில் கேட்டார்கள். ஆனும் அவரும் பிறந்தது ஒரே வருஷம், போர்க்காலத்தில் இருந்தது ஒரே நாட்டில். பார்த்ததையெல்லாம் திரும்ப வாழ முடியாது என்று அவர் மறுத்துவிட்டார்.

மகள் தாங்குவாளா என்ற கவலையும் உங்களுக்கு இருக்கலாம். திரையில் ரத்தம் எதுவும் இல்லை. ஆனால் படம் முடிந்ததும் அப்புறம் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாள், அதை மழுப்பாமல் சொல்லத் தயாராக இருங்கள். 1944 செப்டம்பர் 3 அன்று ஹாலந்தின் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து ஆஷ்விட்ஸுக்குப் போன கடைசி ரயிலில் எட்டுப் பேரும் இருந்தார்கள். அம்மா எடித் 1945 ஜனவரி 6 அன்று ஆஷ்விட்ஸில் இறந்தார். மூன்று வாரம் கழித்து அந்த முகாம் விடுவிக்கப்பட்டது. மார்கோட்டும் ஆனும் பெர்கன்-பெல்சன் முகாமில் டைஃபஸ் பரவிய 1945-இன் தொடக்கத்தில் அடுத்தடுத்து இறந்தார்கள். ஏப்ரல் 15-இல் பிரிட்டிஷ் படை அங்கே வந்து சேர்ந்தது. பீட்டர் மௌத்ஹவுசனில், அவன் அம்மா அகஸ்டே ரயிலில் முகாம் முகாமாக மாற்றப்பட்டபோது இறந்தார்கள். எட்டுப் பேரில் திரும்பியவர் ஓட்டோ ஒருவர்தான்.

டைரி பக்கத்தில் இருக்கட்டும் என்று சொன்னது இதற்காகத்தான். முதல் மாலை பாதிப் படம் பாருங்கள். இரண்டாம் மாலை மீதியை முடித்துவிட்டு, தூங்கப் போவதற்கு முன் 1944 ஏப்ரல் 11 பதிவை மகளையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நீளமான பதிவு, அரை மணி நேரம் ஆகலாம். குப்பைக்கூடை வரும் இடத்தில் சிரித்துவிடுவாள், ஆனும் அதைச் சிரிப்பு வரும்படிதான் எழுதியிருக்கிறாள்.